மூன்று பதினேழு

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவன் காவலில் நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் பேனாவைத் திறந்தேன். இங்கே சொல்லிக்கொள்ளும்படி குறை ஒன்றும் இல்லை. உன் அத்தானுக்கு முழங்கால் வலி போய் இப்போது கழுத்து வலி வந்திருக்கிறது. என் பெண் விடுதியிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறாள். துவைக்க வேண்டிய துணியை எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, துவைத்ததை எடுத்துக்கொண்டு போகிறாள்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ கேலி செய்வாய். போனில் பேசினால் பேசிய கையோடு மறந்துபோகும். எழுதினால் நிற்கும். அதோடு நீ போனை எடுத்தால்தானே? எடுத்தாலும், அக்கா அப்புறம் கூப்பிடறேன் என்பாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. நான் எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் அடியில் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்து, கணக்கு நோட்டின் பின்பக்கம் ஒட்டி வைக்கிறேன். என்ன எழுதினேன் என்பதை நாளைக்கு நீயோ நானோ மாற்றிப் பேச முடியாது பார்.

ஒரு கவலையை முதலில் கொட்டிவிடுகிறேன். உன்னிடமிருந்து பதினேழு வந்து நான்கு மாதம் ஆகிறது. தகரப் பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. வேலை இல்லையா, இல்லை மறந்துவிட்டாயா? மறந்திருந்தால் திட்டுவேன். வேலை இல்லை என்றால் சொல், சேர்ந்து யோசிப்போம். கடை வாடகை இரண்டு மாதம் நிற்கிறது என்று உன் வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை.

போன முறை போனில் குட்டி என்னிடம், அத்தை, அது என்ன பதினேழு, அப்பாவைக் கேட்டா உன் அத்தையைக் கேளுங்கறார் என்றாள். நீயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவளுக்கு இதைப் படித்துக் காட்டு. நம் அப்பா இறந்துபோன வருடம் ஒற்றைத் தையல் மெஷினோடு நாம் எடுத்த முதல் வேலை, ஒரு விடுதிக்கு நாற்பது தலையணை உறை. துணி, நூல், மெஷின் வாடகை, அம்மாவின் மருந்து எல்லாம் போக மிஞ்சியது பதினேழு. அம்மா அதை ஆண்டவன் பேரில் எடுத்து வைக்கச் சொன்னாள். மிஞ்சினால் கொடுக்கலாம் என்று இருந்தால் ஒருநாளும் மிஞ்சாது என்று நான்தான் அதைச் செலவோடு செலவாகக் கணக்கின் கடைசி வரியாக எழுத ஆரம்பித்தேன். வெளியாள் பார்த்தால் கேட்பானே என்று ஆண்டவன் பெயரைப் போடாமல், இதர 17 என்றே உன்னையும் எழுதச் சொன்னேன். பெரிய வேலையோ சின்ன வேலையோ, அதே பதினேழு. வேலை கையில் வந்ததும் அது பெட்டிக்கு வந்துவிடும். இவ்வளவுதான் கதை.

உன் அத்தான் ஆஸ்பத்திரி வேலை எப்படிப் போகிறது என்று போன கடிதத்தில் இரண்டு இடத்தில் கேட்டிருந்தாய். அவர்மேல் உனக்கு இத்தனை அக்கறை என்று தெரியாமல் போயிற்று! பாவம், அவர் பாடு திண்டாட்டம்தான். கொள்முதல் பிரிவில் இனிமேல் மூடிய உறை, அரக்கு, டெண்டர் பெட்டி எதுவும் கிடையாதாம். பஞ்சு வாங்குவதானாலும் பாத்திரம் வாங்குவதானாலும் எல்லாம் கம்ப்யூட்டரில். யார் என்ன விலை போட்டார்கள் என்று திறக்கிற நாள்வரை ஒருவருக்கும் தெரியாது. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், மேசைக்கு அடியில் கை நீள வேண்டாம் என்று அரசாங்கம் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவருக்கு ஒற்றை விரல்தான் வேலை செய்கிறது. ஒரு எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் திரை அணைந்துவிடுகிறது.

இவருக்கென்று விரல் நீளத்தில் ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணை அடித்தால் அது இவர் கையெழுத்துப் போட்ட மாதிரி. அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டு குளியலறை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். ரகசிய எண்ணாக எங்கள் கல்யாண நாளை வைத்தாராம். மூன்று தடவை தப்பாக அடித்ததில் சாவி பூட்டிக்கொண்டது. கல்யாண நாளை மறந்தால் பெண்டாட்டிதான் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பார்த்தால், இவருக்கு அரசாங்கமே திருப்பிக்கொண்டது. இப்போது எண்ணும் என்னிடம், சாவியும் என்னிடம். ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர் வாசிக்க வாசிக்க நான் அடிப்பேன். என் பெண்ணின் பழைய கம்ப்யூட்டரில் நானாகக் கற்றது இப்படிப் பயன்படுகிறது. எட்டாவதோடு நின்றவள் அரசாங்க டெண்டர் ஏற்றுகிறேன் பார்!

நேற்று ஏற்றியது வார்டுகளுக்குப் படுக்கை விரிப்பு, நாலாயிரம். ஒன்றுக்கு நானூற்றுப் பதினெட்டு என்று மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் துணிக்கு நம் கணக்குப்படி லாபம் சேர்த்தே முந்நூறைத் தாண்டாது. இவரிடம் சொன்னேன். போன தடவை விலையில பத்து பர்சென்ட் ஏத்தி மேலே எழுதி வந்துடுச்சு, நான் என்ன பண்ண, நீ பாட்டுக்கு வெளியே உளறி வைக்காதே, திறக்கிற வரைக்கும் ரகசியம் என்றார். உனக்குத்தானே சொல்கிறேன், நீ என்ன வெளியாளா.

வேளாவேளைக்குச் சாப்பிடு. காலையில் கடை திறக்கும்போது ஒரு நிமிடமாவது கண்ணை மூடி நில். அந்த ஒரு நிமிடத்தில் வியாபாரம் ஓடிப்போகாது.

உன் நலத்துக்கு நாள் தவறாமல் வேண்டுகிற,
அக்கா

*

திங்கட்கிழமை, காலை

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரி முன்னால் பிரிக்காதே. தனியாக உட்கார்ந்து படி.

போன வாரம் உன் பதிவுத் தபால் வந்தது. உள்ளே மூன்று பொட்டலம், ஒவ்வொன்றின் மேலும் 17 என்று உன் கையெழுத்து. ஒரே மாதத்தில் மூன்று வேலையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தம்பி எழுந்துவிட்டான் என்று அன்றைக்கு ஒரு வேளை உபவாசம் இருந்து ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். மூன்றையும் ஒன்றாகப் பெட்டியில் போடாமல், நோட்டில் எந்த வேலைக்கு எது என்று உன்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போடலாம் என்று அலமாரியில் வைத்தேன். என் கணக்குப் புத்தி அன்றைக்கு ஏன் அப்படிச் செய்யச் சொன்னது என்று இப்போது தெரிகிறது.

நேற்று ஞாயிறு. மத்தியானம் சாப்பாடு முடிந்து இவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விரிப்பு டெண்டரைத் திறந்திருக்கிறார்கள். விலைகளை வரிசைப்படுத்தி ஒப்பீட்டுப் பட்டியல் அடித்துத் தரும்படி என்னிடம் சொல்லியிருந்தார். மூன்று பேர் போட்டிருந்தார்கள். மூன்றும் நான் கேள்விப்படாத கம்பெனிப் பெயர்கள். நானூற்றுப் பதினாறு, நானூற்று முப்பத்தொன்று, நானூற்று நாற்பது.

முதலாவதின் செலவு விவரத்தை அடித்துக்கொண்டே வந்தேன். துணி, வெட்டுக்கூலி, தையல், மடிப்பு, கட்டு, வண்டி. கடைசி வரி, இதர 17. எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மைப்போல இன்னொரு பைத்தியமும் இருக்கிறது போலிருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டாவதை அடித்தேன். துணி விலை வேறு, தையல் கூலி வேறு. கடைசி வரி, இதர 17. என் விரல் அதிலேயே நின்றுவிட்டது. மூன்றாவதை அடிக்கவில்லை. நேரே கடைசி வரிக்குப் போனேன்.

அதுவும் அதேதான். பதினாறு பதினேழு லட்சம் கணக்கில் பதினேழை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆபீசில் நாலு பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பதினேழைக் கணக்கில் எழுதுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான் இருக்கிறோம். மனம் அப்போதும் ஒப்பவில்லை. முகவரியைப் பார்த்தேன். இரண்டாவது கம்பெனி இருக்கும் இடம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீ துணி அடுக்கி வைத்திருக்கும் கொட்டகை. அதன் நிலைப்படியில் நின்று பிரார்த்தனை செய்து நான் திறந்துவைத்த கொட்டகை.

மூன்று பேர் போட்டி போட்ட மாதிரி நீ ஒருவனே மூன்று பேராக நின்றிருக்கிறாய். நானூற்றுப் பதினெட்டு மதிப்பீட்டுக்குச் சரியாக இரண்டு குறைத்து நானூற்றுப் பதினாறு. அந்த நானூற்றுப் பதினெட்டு உனக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் கோபம் பொங்கியது. அப்புறம் கணக்கு நோட்டைத் திருப்பினேன். பின்பக்கம் என் கையெழுத்திலேயே இருந்தது. நீ என்ன வெளியாளா என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

உன்மேல் கோபப்படும் முன்பு என்மேல் படவேண்டியதைப் பட்டுவிட்டேன். வெளியே சொல்லக்கூடாது என்று இவர் சொன்னதையும் எழுதி, அதே இடத்தில் அந்த விலையையும் எழுதியிருக்கிறேன். ஆண்டவன் முன்னால் எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

அம்மா கடைசி ஒன்பது நாள் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். வார்டில் விரிப்புப் பற்றாமல் இரண்டு பேருக்கு ஒன்றைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கிழிசல் ஓரம் அம்மாவின் முதுகில் உறுத்துகிறது என்று நீதான் வராந்தாவில் உட்கார்ந்து கையாலேயே மடித்துத் தைத்தாய். பக்கத்துக் கட்டில்காரி, எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடு ராசா என்று கேட்டாள். அவளுக்கும் தைத்துக் கொடுத்தாய். அந்தத் தம்பிக்குத்தான் நான் இதை எழுதுகிறேன்.

இப்போது நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு டெண்டரை முடிவு செய்யும் குழு கூடுகிறது. அதற்கு முன்பு, டெண்டர் போட்டவர்களில் எனக்கோ என் குடும்பத்துக்கோ உறவு யாரும் இல்லை என்று உன் அத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட்டுவிடுவார். அவருக்குத் தெரியாது. தெரியாமல் போட்டாலும் மாட்டும் நாளில் அது பொய்க் கையெழுத்துதான். முப்பது வருடம் ஒரு ஆளிடம் ஒரு டம்ளர் தேநீர் வாங்கிக் குடிக்காத மனுஷர். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம்.

ஆகவே நீயே எழுது. மூன்றும் என்னுடையதுதான், தவறு செய்துவிட்டேன், எடுத்துக்கொள்கிறேன் என்று ஆஸ்பத்திரித் தலைமை அதிகாரிக்கு உன் கையெழுத்தில் எழுது. கட்டிய முன்பணம் போகும். போகட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிவரை பார்ப்பேன். அதற்குள் நீ எழுதவில்லை என்றால் நான் இவரிடம் சொல்லிவிடுவேன். என் நகலையும் எடுத்து வைப்பேன். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை.

ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ அக்கா அக்கா என்று இரண்டு தடவை கூப்பிடுவாய், நான் கரைந்துவிடுவேன். என்னைப்பற்றி எனக்குத் தெரியும்.

உனக்காக அழுதுகொண்டே வேண்டுகிற,
அக்கா

*

புதன்கிழமை, மத்தியானம்

என் தம்பிக்கு,

இரண்டு மாதமாயிற்று. நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நோட்டில் கடைசியாக ஒட்டிய நகலுக்குப் பின்னால் வெறும் தாளாக இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் இன்றைக்கு எடுத்துவிட்டேன். கிழித்துப் போடுவதானாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

அந்தப் புதன்கிழமை நீ போனில் பேசியதை நான் ஒருவரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உன்னிடமே ஒருமுறை சொல்லிவிடுகிறேன், மனது இறங்கும். அக்கா, ஊர்ல யாரு பண்ணல, மூணு பேரு இல்லேன்னா டெண்டரையே தள்ளிப் போட்டுடறாங்க, துணைக்கு ரெண்டு பேரை நிறுத்தறது எல்லாரும் செய்யறதுதான் என்றாய். அத்தானுக்கும் ஒரு பங்கு எடுத்து வச்சிருக்கேன் என்றாய். முப்பது வருடம் உப்புப் போட்டு உண்ட மனுஷரைப்பற்றி நீ அப்படிப் பேசினாய். அப்புறம், உன் லெட்டர் என்கிட்டயும் பத்திரமா இருக்கு, அதை மறந்துடாதே என்றாய். உனக்கு அதன் நகல் என் நோட்டில் இருப்பது நினைவில்லை. சின்ன வயதிலிருந்தே என் நோட்டை நீ திறந்து பார்த்ததில்லை, மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்பாய்.

கடைசியில் நான் ஒன்று கேட்டேன். இரண்டு கம்பெனி சும்மா பெயருக்குத்தானே நிறுத்தினாய், அதிலும் ஏன் பதினேழைப் போட்டாய், அதையும் ஏன் அனுப்பினாய் என்றேன். எழுதாம விட பயமா இருந்துச்சுக்கா, எழுதிட்டு அனுப்பாம இருக்க அதைவிட பயமா இருந்துச்சு என்றாய். போனை வைத்துவிட்டாய்.

வியாழன் ஐந்து மணிவரை இருந்தேன். ஐந்தரை வரைக்கும்கூட இருந்தேன். இவர் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். உன் மூன்று பொட்டலம், என் நகல், மூன்று விலைத்தாள் எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். இவருக்கு முதலில் புரியவில்லை. பென்சிலால் மூன்று பதினேழையும் வட்டமிட்டுக் காட்டினேன். சட்டையைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாவியை உன்கிட்ட குடுக்காம இருந்திருந்தா உனக்கு இது தெரிஞ்சிருக்காது இல்ல என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்ப உன் தம்பிக்கும் அந்த நானூத்திப் பதினெட்டு தெரிஞ்சிருக்காது என்றார். ஆமாம் என்றேன். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, தேய்த்து வைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, நீயும் வா என்றார். தலைமை அதிகாரி அறையில் இரண்டு பேரும் நின்றே சொன்னோம். உட்காரச் சொன்னார்கள், உட்காரத் தோன்றவில்லை.

விசாரணைக்குத் தணிக்கைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் பெண்ணைவிட ஆறேழு வயது கூட இருக்கும். அம்மா, சாவி யாருடையதோ அவங்க மட்டும்தான் தொடணும், இது குற்றம்னு தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்றாள். சொன்னேன். பதினேழு எதுக்கு என்றாள். ஆண்டவன் பங்கு என்றேன். அடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இதை எந்தத் தலைப்புலம்மா நான் எழுதறது என்று கேட்டாள். அப்புறம் அவளே, குடும்ப வழக்கம் என்று அடித்துக்கொண்டாள். போகும்போது ஒன்று சொன்னாள். மூன்று விலையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஏறியிருப்பது பதிவில் இருக்கிறதாம். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ தணிக்கையில் வந்திருக்குமாம். அப்படி வந்திருந்தால் கையெழுத்துப் போட்ட உன் அத்தான் உள்ளே இருந்திருப்பார், நீயும் இருந்திருப்பாய். இதை எழுதி நான் செய்ததற்கு நியாயம் தேடவில்லை. கேட்டதைச் சொன்னேன்.

மறுபடி டெண்டர் விட்டார்கள். என் காதுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று இவர் வீட்டில் ஆபீஸ் பேச்சையே எடுப்பதில்லை. முடிந்தபின் நோட்டீசுப் பலகையில் ஒட்டியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பது பேர் போட்டிருக்கிறார்கள். முந்நூற்று ஆறுக்கு முடிந்தது. ஒன்றுக்கு நூற்றுப் பத்து, நாலாயிரத்துக்கு நாலு லட்சத்து நாற்பதாயிரம் மிச்சம். நோட்டில் எழுதிப் பார்த்தேன், எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அது நம் பணம் இல்லையே.

இவருக்கு இரண்டு வருட சம்பள உயர்வை வெட்டி, பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. கழுத்து வலி போயே போச்சு, முன்னாடியே தண்டனை குடுத்திருக்கலாம் என்கிறார். எனக்காகச் சொல்லும் வேடிக்கை அது. நான் சிரிக்கிறேன், அவருக்காக. சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று காலிக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். உன்னைப்பற்றி அவர் ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. போன வாரம், உன் தம்பி சாப்பிடறானா இல்லையான்னாவது கேளு என்று அவர்தான் சொன்னார்.

கேட்டேன். உன் வீட்டுக்காரி போனில் அழுதாள். அண்ணி, மூணு வருஷம் எந்த அரசாங்க வேலைக்கும் வரக்கூடாதுன்னு காகிதம் வந்ததுலேருந்து அவரு மெஷினைத் தொடறதே இல்ல, துணியைப் போட்டு மூடி வச்சிருக்காரு என்றாள். குட்டியின் பள்ளிக்கூடத்தில் மேசை விரிப்பு இருநூறு தைத்துத் தரச் சொல்லிக் கேட்டார்களாமே, நீ பதிலே சொல்லவில்லையாமே. அப்பா ஏன் அத்தை பேரைச் சொன்னா எழுந்து போறாரு என்று குட்டி கேட்கிறாளாம்.

தம்பி, நீ என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்று நினைக்கிறாய். நினைத்துக்கொள். நானே உன்னை அந்த வழியில் இறக்கிவிட்டு, நானே பிடித்தும் கொடுத்தேன். இதில் எது பெரிய பாவம் என்று தினமும் காலையில் கேட்கிறேன். பதில் வரவில்லை. வரும்வரை கேட்பேன்.

இதோடு உன் மூன்று பொட்டலத்தையும் திருப்பி அனுப்புகிறேன். பிரிக்கவில்லை, நீ மடித்த மடிப்பிலேயே இருக்கிறது. இதைப் பெட்டியில் போட எனக்குக் கை வரவில்லை. ஆனால் உன்மேல் எனக்கு ஆத்திரம் ஏறும்போதெல்லாம் இந்த மூன்றையும்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்கத்துக்குப் பயப்படாமல், என்னை நினைக்காமல், அத்தானை நினைக்காமல் செய்தவன் இதை மட்டும் எழுதாமல் விடப் பயந்திருக்கிறான். அந்தப் பயம் உன்னிடம் இருக்கும்வரை நான் உன்னை விடமாட்டேன்.

மேசை விரிப்பு இருநூறுக்குக் கணக்குப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். துணி விலை போன வாரம் நானே கடைக்குப் போய் விசாரித்தது. வெட்டுக்கூலியில் சேதாரம் சேர்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் உன் வீட்டுக்குப் பக்கம் என்பதால் வண்டிக் கூலி போடவில்லை. வாடகை பாக்கியில் ஒரு பகுதியாவது இதில் அடையும். எல்லா வரியும் எழுதிவிட்டேன். கடைசி வரியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அது உன் கையால் எழுத வேண்டியது.

மெஷினைத் துடைத்து எண்ணெய் விடு. வேலை முடிந்து பணம் வந்ததும் அந்தப் பதினேழைத் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. பெட்டி அதே அலமாரியில் அதே தட்டில்தான் இருக்கிறது. நீ வரும் அன்றைக்குத்தான் அதை இனித் திறப்பேன்.

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் குட்டிக்கும் ஒரு தீங்கும் வராமல் ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உனக்கு வெளியாள் ஆகாத,
அக்கா